வடசென்னை வாட்டர் வாஷ் கடைக்காரர்களுக்கு ஒரு பெயின்டரின் திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம், மாதவரம் ரவுண்டானா பக்கம், மூலக்கடை, கொடுங்கையூர், மணலி என்று ஷெட் போட்டு வண்டி கழுவும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் வியாசர்பாடியில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருப்பவன். நீங்கள் பளபளவென்று கழுவி அனுப்பும் வண்டிகள் சில மாதம் கழித்து என்னிடம் வருகின்றன. "பானெட் முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்குண்ணே, தேய்ச்சா போவுமா?" என்பார்கள். தேய்த்தால் போகும். எனக்குக் காசும் வரும். ஆனால் கலருக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் பருமன்கூட இல்லை. ஒவ்வொரு ரப்பிங்கிலும் அதில் கொஞ்சம் போய்விடும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் நானே கை வைக்க மாட்டேன். அதனால்தான் தொழிலைக் கெடுத்துக்கொண்டாவது, தண்ணீர் காய்ந்து விழும் அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஐப்பசி பிறந்தால் உங்கள் கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். மழைக்கு முன்னால் வாக்ஸ் போட வருகிறவர் ஒருவர். மழை விட்டதும் சேறு கழுவ வருகிறவர் இன்னொருவர். பாதி நேரம் இருவரும் ஒரே ஆள்தான். முதல் தடவை காசு வாங்கிப் போட்ட வாக்ஸை இரண்டாம் தடவை காசு வாங்கிக் கழுவி எடுத்துவிடுகிறோம். கேட்டால், "மழையில போயிடுச்சு சார்" என்கிறோம். பாவம், மழை வந்து சாட்சி சொல்லவா போகிறது?

மழைத் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. நம் ஊரில் கிடைக்கும் தண்ணீரிலேயே அதுதான் மென்மையானது. அதோடு சேர்ந்து வருவதுதான் தொல்லை. பல நாள் காய்ந்து கிடந்த பிறகு பெய்யும் முதல் மழை, காற்றில் இருப்பதையெல்லாம் வழித்து வண்டி மேல் ஊற்றும். நம் பக்கம் காற்றில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துச் சாம்பல், மணலி ஆலைப் புகை, எண்ணூர் சாலையில் வரிசைகட்டும் ட்ரெய்லர்கள் கிளப்பும் தூசி, காசிமேட்டுப் பக்கம் கடலின் உப்புக்காற்று. 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை, ராயபுரத்தில் வெள்ளை வண்டி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை இப்போதும் கதையாகச் சொல்வார்கள். புகையில் உள்ள கந்தகம் மழைநீரில் கலந்தால் அது லேசான அமிலமாகும். சொட்டு வெயிலில் சுண்டச் சுண்ட அந்த அமிலத்தின் வீரியம் ஏறும். ஆகவே மழை பெய்து முடித்ததும் வெயில் ஏறுவதற்குள் வண்டியை நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசித் துடைத்துவிட்டால் போதும், வாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. "மழையே கழுவிடுச்சே, இன்னொரு வாஷ் எதுக்கு?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அங்கேதான் நம் தகராறு ஆரம்பிக்கிறது.

நம்மில் பலர் கழுவுவது போர் தண்ணீரில். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தப் பக்கக் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரை நாக்கில் வைத்தாலே உப்பு தெரியும். குடிநீருக்கு அரசு வைத்திருக்கும் தர அளவுப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம்; வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. உங்கள் போர் தண்ணீர் 1500 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுவி முடித்து, துடைக்காமல் வெயிலில் நிறுத்திய வண்டி மேல் கால் லிட்டர் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிற்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும். 375 மில்லிகிராம் உப்பும் சுண்ணாம்பும் பெயின்ட் மேலேயே உட்கார்ந்துவிடும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சரக்குதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்து காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சின்னப் பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடைக்கு ஒன்று வாங்கி வையுங்கள்.

இதில் ஒரு விசித்திரம். வாக்ஸ் போட்ட வண்டியில்தான் புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரியும். வாக்ஸ் தண்ணீரைப் பரவ விடாது. முத்து முத்தாக நிறுத்தும். வாடிக்கையாளர் அதைப் பார்த்து மயங்கித்தான் காசு கொடுக்கிறார். ஆனால் முத்து காயும்போது உள்ளே இருக்கும் உப்பு முழுவதும் அந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் இறங்கும். கறுப்பு வண்டி வந்தால் பானெட்டைச் சாய்வாகப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நடுவில் மங்கல், ஓரத்தில் வெள்ளைக் கோடு. விரலால் தடவினால் சொரசொரப்பு தட்டும். அந்தச் சொரசொரப்பு இருக்கும்வரை பயமில்லை. உப்பு இன்னும் மேலேதான் இருக்கிறது என்று அர்த்தம். கழுவி, தடவினால் வழுவழுவென்று இருந்தும் வட்டம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறதா? அது கிளியர் கோட்டை அரித்துவிட்டது. அப்புறம் என் பட்டறைதான்.

புள்ளி விழாமல் கழுவுவதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். வண்டி வந்ததும் முதலில் நிழலில் நிறுத்தி பானெட் சூடு ஆற விடுங்கள். புறங்கையை வைத்தால் சுடக் கூடாது. பானெட்டில் தொடங்காமல் ரூஃபிலிருந்து கீழே வாருங்கள். ஷாம்பு போட்ட பகுதியைக் காய விடாமல் உடனுக்குடன் அலசுங்கள். கடைசி அலசலுக்குப் பிரஷர் கன்னைக் கீழே வைத்துவிடுங்கள். கன் அடித்தால் தண்ணீர் ஆயிரம் சொட்டாகச் சிதறி அங்கங்கே நிற்கும். அதற்குப் பதில், முனையில் ஒன்றும் மாட்டாத ஹோஸைக் கையில் பிடித்து, அழுத்தம் இல்லாமல் ரூஃபின் மேல் ஓட விடுங்கள். ஓடும் தண்ணீர் நிற்கும் சொட்டுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஒரே தகடாக வழிந்து இறங்கும். வாக்ஸ் உயிரோடு இருக்கும் வண்டியில் இதைப் பார்ப்பதே ஒரு சுகம்: பானெட்டில் பாதி தன்னாலேயே காய்ந்ததுபோல் ஆகிவிடும். மிச்சத்தை மைக்ரோஃபைபர் டவலை விரித்து வைத்து மெதுவாக இழுத்தால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. கண்ணாடி மடிப்பு, டிக்கி இடுக்கு, நம்பர் பிளேட் ஓரம் இங்கெல்லாம் ஒளிந்திருக்கும் தண்ணீர் பத்து நிமிடம் கழித்து வழியும். கதவு, டிக்கி எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து மூடித் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

கடைசி அலசலுக்கு மட்டும் உப்பில்லாத தண்ணீர் கொஞ்சம் வேண்டும். அதற்கு லாரித் தண்ணீரைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஷெட்டுக்கு மேலே தகரம் இருக்கிறது. இருபதுக்கு இருபது அடித் தகரத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 370 லிட்டர் விழும். முதல் கொஞ்ச நேரத் தண்ணீர் அழுக்கு, அதை வெளியே விட்டுவிடுங்கள். அதற்குப் பின் விழுவதை ஒரு மூடியுள்ள டிரம்மில் பிடித்து, துணியில் வடிகட்டி வைத்தால் அடுத்த மழை வரை ஓட்டலாம். 2003-இலேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊர் நம்முடையது. வாட்டர் வாஷ் ஷெட்டுகளில் மட்டும் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. ஒன்று எச்சரிக்கிறேன்: கேன் தண்ணீர் பிளான்டில் ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரை யாராவது இலவசமாகத் தந்தால் சந்தோஷமாக வாங்கி டயர் கழுவுங்கள். வண்டியின் பாடி பக்கம் கொண்டுபோகாதீர்கள். நல்லதைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இன்னொரு யோசனையும் உண்டு. கொடுங்கையூரில் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்கும் நிலையம் 2019-இல் வந்தது. நாளுக்கு 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மணலி ஆலைகளுக்குப் போகிறது. நம் வாசல் வழியாகப் போகும் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வாஷ் கடைகளுக்கும் கிடைக்குமா என்று எல்லோரும் சேர்ந்து குடிநீர் வாரியத்திடம் ஒரு மனு கொடுத்துப் பார்க்கலாம். கேட்பதில் என்ன நஷ்டம்?

துணி சோப்புத் தூளைப் பற்றி உங்களுக்கே தெரியும், இருந்தும் பக்கெட்டில் அதுதான் கரைகிறது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்த தூள் அது. அதற்கு வாக்ஸும் பிசுக்குதான். டீசல் வாஷையும் விடுங்கள். அடியில் அடிக்கும் டீசல் ரப்பர் புஷ்ஷை ஊற வைத்துக் கெடுக்கும், ஓரமாகத் தெறிப்பது வாக்ஸைக் கரைக்கும். டயர் தேய்த்த ஸ்பாஞ்ச் பானெட்டுக்கு வருவதை நான் எத்தனையோ கடைகளில் பார்த்திருக்கிறேன். தனித்தனி பக்கெட், தனித்தனி ஸ்பாஞ்ச். அவ்வளவுதான்.

ஏற்கெனவே உப்புக் கறையோடு வரும் வண்டிக்கு ஆசிட் தொடாதீர்கள். பாத்ரூம் டைல்ஸுக்கு ஊற்றுவதை பானெட்டில் ஊற்றிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. குரோமியப் பட்டை கறுத்துப் போயிருந்தது. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரை சம அளவு தண்ணீரில் கலந்து, நிழலில், ஆறிய பெயின்ட் மேல், துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு கரைந்துவிடும். நன்றாக அலசுங்கள். அந்த இடத்தில் வாக்ஸும் போயிருக்கும், மறுபடி போட வேண்டும். இதற்கும் போகாத புள்ளி என் வேலை.

வாக்ஸ் விற்கும்போது கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். நல்ல கார்னவுபா, பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து வருவது, நம் வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். செயற்கை சீலன்ட் இன்னும் சில மாதம் கூடத் தாங்கும். "டெஃப்லான் கோட்டிங், மூணு வருஷம் கவலை இல்ல" என்று போர்டு வைத்திருக்கிறீர்கள். தோசைக்கல்லில் டெஃப்லானை ஒட்ட வைக்க 300 டிகிரிக்கு மேல் சூடு காட்ட வேண்டும். கார் மேல் அந்தச் சூட்டைக் காட்டினால் கார் எங்கே இருக்கும்? வண்டிக்கு செராமிக் கோட்டிங் போட்டவர்களிடமும் உப்புக் கறை படியாது என்று சத்தியம் செய்யாதீர்கள். அதிலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும், காய விட்டால் அதிலும் புள்ளி விழும். வாக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குவளை தண்ணீர் போதும். முத்தாக நின்றால் இருக்கிறது. பாய் விரித்ததுபோல் படர்ந்தால் போய்விட்டது. வாடிக்கையாளர் கண் முன்னாலேயே ஊற்றிக் காட்டுங்கள். போகவில்லை என்றால் "இந்த மாசம் வேணாம் சார்" என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் தேடி வருவார்.

வெள்ளம் வந்தால் இதெல்லாம் செல்லாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்து வண்டிகளில் பட்டைக் கோடாக நின்றதைப் பார்த்தீர்கள். எந்த வாக்ஸும் அதைத் தடுத்திருக்காது. அந்த மாதிரி வண்டி வந்தால் தார் எடுக்கும் திரவத்தைத் துணியில் தொட்டு எடுத்து, உடனே ஷாம்புவில் கழுவி, வாக்ஸை முதலிலிருந்து போடுங்கள்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வண்டியைத் தகடாக அலசி, இடுக்கு வரை துடைக்க, சும்மா கழுவுவதைவிட கால் மணி நேரமாவது கூடும். அதை உங்கள் பையன்கள் தலையில் கட்டாதீர்கள். போர் தண்ணீர் வாஷுக்கு ஒரு விலை, மழைத் தண்ணீர் அலசலோடு துடைத்துக் கொடுக்க ஐம்பதோ நூறோ கூட என்று போர்டில் எழுதுங்கள். எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று யோசிக்காதீர்கள். வாக்ஸுக்கு ஆயிரம் கொடுப்பவர் அதைக் காப்பாற்ற ஐம்பது கொடுப்பார். வண்டியை எடுக்கும்போது இரண்டு விஷயம் அவரிடம் சொல்லி அனுப்புங்கள்: ஈரத்தோடு கவர் போட வேண்டாம், காலையில் தூசி மேல் காய்ந்த துணியால் துடைக்க வேண்டாம்.

மழைநீர் டிரம்முக்குத் தகரத்திலிருந்து குழாய் எப்படி இறக்குவது என்று பார்க்க வேண்டுமானால் என் பட்டறைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
வியாசர்பாடிப் பட்டறைக்காரன்