ஜெயித்தவன் எழுதும் புகார்: கால்பந்து விதி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியத்தின் பெரியவர்களுக்கு,

வணக்கம். புகார்க் கடிதம் என்றாலே தோற்றவன் எழுதியது என்று ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஜெயித்த கட்சி. என் புகார் முடிவைப் பற்றி இல்லை, வி.ஏ.ஆர் (வீடியோவைப் பார்த்து ரெஃப்ரிக்கு உதவுகிற நடுவர்) அறையில் பேசுவது எங்களுக்குக் கேட்பதே இல்லை என்பது பற்றி. திருச்சியில் இருக்கிற, இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணி ரசிகன். (எங்கள் கிளப் லீகின் பண விதிகளை மீறியது என்கிற 115 குற்றச்சாட்டு என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கு வேறு கடிதம் எழுத வேண்டும்.)

2024 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரத்துக்கு மாலை ஆறரைக்கு ஆட்டம், வால்வ்ஸ் அணியின் மொலினூ மைதானத்தில். ஏழாவது நிமிஷத்திலேயே ஸ்ட்ராண்ட் லார்சன் எங்கள் வலையில் ஒன்றைப் போட்டுவிட்டார். க்வார்டியோல் பாக்ஸுக்கு வெளியே இருந்து வளைத்து அடித்துச் சமன் செய்தார், அதற்கப்புறம் பந்து எங்கள் காலிலேயே சுற்றிச் சுற்றி வந்ததே தவிர உள்ளே போகவில்லை. 95-வது நிமிஷம். ஃபோடன் கார்னர் எடுக்கிறார், ஸ்டோன்ஸ் தலையால் முட்டுகிறார், பந்து வலைக்குள். நான் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் எட்டிப் பார்க்கும்போது லைன்ஸ்மேன் கொடி மேலே இருந்தது.

எங்கள் பெர்னார்டோ சில்வா ஆஃப்சைடில் (பொதுவாக, எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டிய இடத்தில்) நின்று வால்வ்ஸ் கீப்பர் ஜோசே சாவை மறைத்தார், அதனால் கோல் இல்லை. அப்புறம் வி.ஏ.ஆர் அறையிலிருந்து அழைப்பு. ரெஃப்ரி கிறிஸ் கவனா ஓரத்தில் இருக்கிற மானிட்டருக்குப் போனார், பார்த்தார், திரும்பி வந்தார், கோல் என்றார். 2-1. கொண்டாட வேண்டியதுதானே என்பீர்கள். கொண்டாடினேன், ஆனால் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்த மாதிரிதான் இருந்தது.

ஏனென்றால் இதே படத்தை இதே மைதானத்தில் ஆறு மாதத்துக்கு முன்னால் தலைகீழாகப் பார்த்திருந்தேன். 2024 ஏப்ரல் 6, வால்வ்ஸ் வீட்டுக்கு வெஸ்ட் ஹாம் வந்திருந்தது. வெஸ்ட் ஹாம் 2-1 என்று முன்னால் இருக்கிறது, 99-வது நிமிஷத்தில் வால்வ்ஸ் கேப்டன் கில்மன் தலையால் முட்டி உள்ளே போடுகிறார், ரெஃப்ரியும் கோல் கொடுத்துவிட்டார், மைதானம் முழுக்கக் கத்திக் கொண்டாடி முடித்தாயிற்று. அப்புறம் மானிட்டர். தவாண்டா சிரேவா என்கிற சின்னப் பையன் ஆஃப்சைடில், கீப்பர் ஃபாபியான்ஸ்கிக்கு முன்னால் நின்றான் என்று சொல்லி அந்தக் கோலை எடுத்துவிட்டார்கள்.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மைதானம், ஒரே 2-1, ரெண்டு தடவையும் வந்தவர்களுக்கு வெற்றி, ரெண்டு தடவையும் இஞ்சுரி டைமில் தலையால் போட்ட கோல், கீப்பருக்கு முன்னால் ஓர் ஆள். ஒரு தடவை கொடுத்த கோல் போனது, இன்னொரு தடவை போன கோல் திரும்பி வந்தது. தோற்றது மட்டும் மாறவே இல்லை, ரெண்டிலும் வால்வ்ஸ்தான். அந்த ஊர்க்காரன் ஒருவன் இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நினைத்தால் அவனை நான் பைத்தியக்காரன் என்று சொல்ல மாட்டேன்.

இந்த ரெண்டு ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு கூத்து வேறு நடந்தது. பிரீமியர் லீகில் (இந்த அணிகள் எல்லாம் ஆடுகிற இங்கிலாந்தின் முதல் நிலை லீக்) வி.ஏ.ஆரையே எடுத்துவிடலாம் என்று வால்வ்ஸ் கிளப் முறைப்படி தீர்மானம் கொண்டுவந்தது. 20 கிளப்பில் 14 ஓட்டு வேண்டும். 2024 ஜூன் 6 அன்று எண்ணிப் பார்த்தால் 19-1. அந்த ஒன்று யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. சரியான முடிவுகள் 82 சதவீதத்திலிருந்து 96 சதவீதமாக ஏறியிருக்கிறது என்பது லீக் சொன்ன கணக்கு. இருக்கலாம், நான் அதை மறுக்கவில்லை. நானும் வி.ஏ.ஆர் வேண்டும் என்கிற கூட்டம்தான். ஆனால் நூற்றில் 96 சரி என்று சொல்பவர்கள், இது ஏன் சரி என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

அன்றைக்கு ராத்திரி எங்கள் நண்பர்கள் குழுவில் நடந்த சண்டையைப் பார்த்திருக்க வேண்டும். லிவர்பூல்காரன் ஒருத்தன் ஏப்ரல் படத்தையும் அக்டோபர் படத்தையும் ஒட்டிப் போட்டு "வித்தியாசம் சொல்லு பாப்போம், ஜெர்சி நிறத்தைத் தவிர" என்றான். யுனைடெட்காரர்கள் நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள் (அவர்கள் நிலைமைக்கு அப்போது வேறு என்ன செய்வார்கள்). எனக்கு ரோஷம் வந்து ஆஃப்சைடைப் பற்றிய உங்கள் விதி 11-ஐத் திறந்து படித்தேன். படித்தால் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. கார்னரிலிருந்து நேராக வருகிற பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது, அதனால் கார்னர் வருவதற்கு முன் பெர்னார்டோ கீப்பரை இடித்தது இந்தக் கணக்கில் வராது. ஸ்டோன்ஸ் தலையில் பந்து பட்ட அந்த நொடியில் பெர்னார்டோ எங்கே இருந்தார், சாவின் பார்வையைத் தெளிவாக மறைத்தாரா, அவ்வளவுதான் கேள்வி. அந்த நொடியில் அவர் ஒதுங்கிவிட்டார். சிரேவா ஒதுங்கவில்லை. என் கணக்கில் ஸ்டோன்ஸ் கோல் சரி, கில்மன் கோலை எடுத்ததும் அநேகமாகச் சரி.

இதை நான் அரை மணி நேரம் தட்டச்சு செய்து போட்டேன். ஒருத்தன் கேட்டான்: "மச்சி, நீ சொல்றது சரி. ஆனா அவங்க இப்படித்தான் யோசிச்சாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. பார்வைக் கோட்டில் இல்லை, கீப்பருக்குப் பாதிப்பும் இல்லை என்று லீக் பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு விளக்கம் வந்தது, அவ்வளவுதான். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் எந்தக் கோணத்தைப் பார்த்தார், லைன்ஸ்மேனிடம் என்ன கேட்டார், வி.ஏ.ஆர் தலையிடத் தேவையான 'தெளிவான, வெளிப்படையான தவறு' என்று எதை வைத்து முடிவு செய்தார், ஒன்றும் எங்களுக்குக் கேட்கவில்லை.

என் அம்மாவுக்குக் கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ ரிவ்யூ போனால் அடுப்படியிலிருந்தே "அம்பயர் அவுட்டுதானே குடுத்தாரு, அம்பயர்ஸ் காலா, அப்ப அவுட்டுதான்" என்பார். எப்படித் தெரிந்தது? யாரும் பாடம் எடுக்கவில்லை. மூன்றாம் நடுவர் பேசுவது டிவியில் அப்படியே வருகிறது: முதலில் நோ பால் பாருங்கள், அடுத்து பேட்டில் பட்டதா பாருங்கள், இனி பந்தின் பாதையைக் காட்டுங்கள். கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லாருக்கும் விதி மனப்பாடம். முடிவு பிடிக்காவிட்டாலும் எந்தப் படியில் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரிகிறது. ரக்பியிலும் இதேபோல ரெஃப்ரி பேசுவதெல்லாம் வெளியே கேட்கிறது. உலகத்திலேயே அதிகம் பேர் பார்க்கிற ஆட்டத்தில் மட்டும் வாயசைவைப் பார்த்து ஜோசியம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேரலையில் விட்டால் ரெஃப்ரிகளைத் திட்டுவார்கள் என்று நீங்கள் பயப்படலாம். இப்போது மட்டும் மாலை போடுகிறார்களா? 2023 செப்டம்பர் 30 ஞாபகம் இருக்கும். டாட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட நல்ல கோலுக்கு ஆஃப்சைடு கொடி, வி.ஏ.ஆர் பார்த்தும் மாறவில்லை. மூன்று நாள் முழுக்க லஞ்சம், சதி என்று எழுதித் தள்ளினார்கள், நானும் ரெண்டு மீம் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் அக்டோபர் 3 அன்று அந்த அறையின் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். கேட்டால், மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று தவறாக நினைத்துக்கொண்டு 'செக் முடிந்தது' என்று சொல்லியிருக்கிறார் அந்த வி.ஏ.ஆர் மனுஷன். பக்கத்தில் ரீப்ளே ஓட்டுகிறவர்தான் முதலில் சுதாரித்துக் கேட்கிறார், அடுத்த நொடி இவருக்கு உறைக்கிறது, வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை விழுகிறது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்பது விதி. அது எவ்வளவு பெரிய அபத்தம் என்றாலும், அந்தக் குரலைக் கேட்டபின் சதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபீஸில் தப்பான ஆளுக்கு மெயில் அனுப்பிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பவன் குரல் அது. அதை மூன்று நாள் கழித்துக் கேட்பதற்குப் பதில் அன்றைக்கே கேட்டிருந்தால் அந்த மூன்று நாள் விஷம் மிச்சமாகியிருக்கும்.

கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறீர்கள், அதையும் சொல்ல வேண்டும். 2023-லிருந்து ரெஃப்ரி மைக்கைப் பிடித்து முடிவை அறிவிக்கலாம் என்று சோதனைக்கு அனுமதித்தீர்கள், பிரீமியர் லீகும் 2025-26 சீசனில் அதைக் கொண்டுவந்தது. 2025 கிளப் உலகக் கோப்பையில் ரெஃப்ரி மானிட்டரில் பார்க்கிற காட்சியை மைதானத் திரையிலேயே ஃபிஃபா காட்டியது. நல்லது. ஆனால் மைக்கில் வருவது தீர்ப்பு மட்டும்தான், வாதம் இல்லை. படத்தைக் காட்டலாம், பேச்சைக் கேட்கவிடக் கூடாது என்பது என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கதி இன்னும் மோசம். என் அக்கா வீட்டுக்காரர் இங்கிலாந்தில் இருக்கிறார். போன வருஷம் ஒரு மேட்சுக்குப் போனார், எந்த மைதானம் என்பது இங்கே வேண்டாம். பனியில் நின்றுகொண்டு, டிக்கெட்டுக்கு எங்கள் வீட்டு மாசச் சாமான் செலவைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டு, ஆட்டம் நின்றுபோன நேரத்தில் எனக்கு மெசேஜ் போடுகிறார்: "மாப்ள, எதுக்குடா நிறுத்தி வெச்சிருக்காங்க?" நான் 8,000 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் கட்டிலில் படுத்துக்கொண்டு, "மாமா, ஹேண்ட்பால் பாக்குறாங்க, ரெண்டு நிமிஷம் முன்னாடி நடந்தது" என்று அவருக்குப் பதில் அனுப்புகிறேன். அவரைச் சுற்றி இருந்த ஏழெட்டு பேருக்கு அதை அவர் மொழிபெயர்த்துச் சொன்னாராம். திரையில் 'கோல் பரிசீலனை' என்று ஒரு வரி வரும் மைதானங்களாவது பரவாயில்லை, ஓல்ட் டிராஃபோர்டு, ஆன்ஃபீல்டு மாதிரி அந்தப் பெரிய திரையே இல்லாத மைதானங்களும் உண்டு.

உங்கள் வாரியத்தில் எட்டு ஓட்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு ஆளுக்கு ஒன்று, ஃபிஃபாவுக்கு நான்கு. எந்த விதி மாறவும் ஆறு வேண்டும். 1886-லிருந்து நடக்கிற வாரியம், அவசரப்பட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் சின்னதாகவே கேட்கிறேன்: ரெஃப்ரி மானிட்டரை நோக்கி நடக்க ஆரம்பிக்கிற நேரத்திலிருந்து முடிவு சொல்கிற வரை, அவருக்கும் வி.ஏ.ஆர் அறைக்கும் நடக்கிற பேச்சை டிவியிலும் மைதானத்திலும் விடலாம் என்று ஏதாவது ஒரு லீகுக்குச் சோதனைக்காவது அனுமதி கொடுங்கள். முழு ஆட்டமும் வேண்டாம். கெட்ட வார்த்தை விழும் என்றால் பத்து விநாடி தாமதமாக விடுங்கள், அந்தத் தொழில்நுட்பம் எங்கள் ஊர் லோக்கல் சேனலிலேயே இருக்கிறது.

மாமாவுக்கு அடுத்த மாசம் ஒரு மேட்சுக்கு மறுபடியும் டிக்கெட் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி போனை முழுச் சார்ஜில் வைத்திருக்கச் சொல்லி இப்போதே மெசேஜ் போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு சிட்டி ரசிகன்