சிமுலேட்டர் திக்கினால் புதிய கார்ட்தான் மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் பிள்ளைகள் இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர். நகரின் மேலாகத் தாழ்ந்து இரத்மலானை ஓடுபாதையை நெருங்கும் நேரத்தில் படம் திக்கித் திக்கி நகர்ந்தால், அவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "கார்ட் காணாது, மாத்துங்கோ." படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்ட் போதாது என்பதே அதன் பொருள். அந்த ஒரு சொல்லில் இலட்சக்கணக்கில் பணம் போய்விடுகிறது. மாற்றிய பிறகும் திக்கல் அப்படியே நிற்பதுதான் பெரிய கொடுமை. அது ஏன் என்பதையும், காசு செலவழிக்காமல் எவ்வளவு தூரம் சரிசெய்யலாம் என்பதையும் உங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு பிரேம். விநாடிக்கு 30 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் சுமார் 33 மில்லிவிநாடி. 60 பிரேம் என்றால் சுமார் 17. ஒரு பிரேம் 20 மில்லிவிநாடியிலும் அடுத்தது 90 மில்லிவிநாடியிலும் வந்தால், சராசரி எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் கண்ணுக்கு அது இழுபறிதான். ஆகவே மூலையில் தெரியும் பிரேம் எண்ணை நம்ப வேண்டாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு பிரேமுக்கும் எடுத்த நேரத்தைக் காட்டும் பிரேம்டைம் வரைபடத்தைத் திறந்து வையுங்கள். கோடு மட்டமாக ஓடினால் பறப்பு சீராக இருக்கும். ஊசி ஊசியாக எழும்பினால் அந்த ஒவ்வொரு ஊசியும் ஒரு திக்கல்.

அடுத்து, தடங்கல் எங்கே என்று பார்க்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் பொது அமைப்புகளில் டெவலப்பர் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் மேலே ஒரு மெனு வரும். அதில் டிஸ்பிளே எஃப்பிஎஸ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சிறிய கட்டமொன்றில் 'லிமிட்டெட் பை மெயின்த்ரெட்' அல்லது 'லிமிட்டெட் பை ஜிபியூ' என்று எழுதிக் காட்டும். வேகத்தைத் தடுப்பது எது என்பதே இதன் பொருள்: மெயின்த்ரெட் என்பது புரொசசரில் ஓடும் முதன்மை வேலை, ஜிபியூ என்பது கார்டின் மூளை. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் கார்ட் வாங்கப் போகவே கூடாது. மெயின்த்ரெட் என்று வந்தால் கார்ட் வேலையில்லாமல் காத்திருக்கிறது, புரொசசர்தான் திணறுகிறது. அங்கே எவ்வளவு விலையுயர்ந்த கார்டைப் போட்டாலும் அதுவும் சேர்ந்து காத்திருக்கும்.

பெரிய விமான நிலையங்களில், அதுவும் ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தில், அநேகமாக மெயின்த்ரெட் என்றுதான் வரும். இங்கே முதலில் கை வைக்க வேண்டியது டெரெய்ன் லெவல் ஒஃப் டீட்டெய்ல் என்ற அளவுகோலில். தரையும் கட்டடங்களும் எவ்வளவு தூரம் வரை நுணுக்கமாக வரையப்பட வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. தூரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். 200 இலிருந்து 100க்கு இறக்கினால் கிடைக்கும் நிம்மதிக்குக் காரணம் அதுதான். கட்டுநாயக்கவில் இறங்கும் ஏ320க்கு 100 போதும். செஸ்னா 172இல் மலைநாட்டின் மேல் ஆறுதலாகப் பறக்கும்போது 200 வரை ஏற்றிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு ஒப்ஜெக்ட் லெவல் ஒஃப் டீட்டெய்ல், விமான நிலைய வாகனங்கள், தரைப் பணியாளர்கள், ஏஐ விமானப் போக்குவரத்து ஆகியவற்றைக் குறையுங்கள். கொக்பிட் திரைகளின் ரிஃப்ரெஷ் வேகத்தை ஹையிலிருந்து மீடியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏ320இன் அத்தனை திரைகளும் ஓயாமல் புதுப்பிக்கப்படுவதற்குப் புரொசசரின் நேரம் செலவாகிறது.

படத்தைச் சிறிதாக வரைந்து பெருப்பிக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வசதி பற்றிப் பரவியிருக்கும் ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். அது கார்டின் சுமையைத்தான் குறைக்கும். மெயின்த்ரெட் தடங்கலுக்கு அதனால் ஒரு பிரேம்கூட அதிகரிக்காது. குவாலிட்டி நிலையில் அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே படத்தை வரைந்து, பிறகு பெருப்பிக்கிறது. 1920க்கு 1080 மொனிட்டரில் உள்ளே வரையப்படுவது 1280க்கு 720 மட்டுமே. உயரமானியின் இலக்கங்கள் மாறும்போது ஒன்றன்மேல் ஒன்று மை தடவியதுபோலக் கலங்கித் தெரிவது, முந்தைய பிரேம்களின் தகவலையும் கலந்து பெருப்பிப்பதால்தான். சாதாரண எச்டி மொனிட்டரில் விளிம்புகளை மென்மையாக்கும் வழக்கமான டிஏஏ முறையே தெளிவு. டிஎல்எஸ்எஸ் 4கே மொனிட்டருக்கு உதவும்.

ஜிபியூ என்று வந்தால் மட்டும் கார்டின் பக்கம் திரும்புங்கள். முகில்களை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குங்கள். அதிக இலாபம் தரும் மாற்றங்களில் இது ஒன்று, பார்வைக்கு வித்தியாசமோ மிகக் குறைவு. பிறகு நிழல்கள், பிரதிபலிப்புகள். அனிசோட்ரோப்பிக் ஃபில்டரிங்கை 16இலேயே விடுங்கள். அதைக் குறைத்தால் மிச்சப்படுவது அற்பம், ஓடுபாதைக் கோடுகள் தூரத்தில் மங்குவதுதான் மிச்சம்.

கார்டின் சொந்த நினைவகம் நிரம்புவது தனிப் பிரச்சினை. டாஸ்க் மனேஜரில் ஜிபியூ பகுதியில் டெடிகேட்டட் மெமரியைப் பாருங்கள். 6 ஜிபி கார்டில் அது உச்சியைத் தொட்டு நின்றால், மிஞ்சிய தரவு கணினியின் ரேமுக்குப் போய்த் திரும்புகிறது. பிரேம் திடீரென ஒற்றை இலக்கத்துக்கு விழுவது அப்போதுதான். பரப்புகள்மேல் ஒட்டப்படும் படங்களின் நுணுக்கமான டெக்ஸ்சர் ரெசொலூஷனை ஒரு படி குறையுங்கள். மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில், அது கார்டுடன் பேசும் டைரக்ட்எக்ஸ் இடைமுகத்தில் 12ஐவிட 11க்கு நினைவகம் குறைவாகவே தேவை, ஆகவே 8 ஜிபியும் அதற்குக் குறைந்த கார்டும் வைத்திருப்பவர்கள் 11இலேயே இருப்பது நல்லது. 2024 பதிப்பில் அந்தத் தெரிவு இல்லை, அது 12இல்தான் ஓடும்.

இவ்வளவும் செய்த பிறகு பிரேமுக்கு ஓர் உச்சவரம்பு போடுங்கள். விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும் 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் 30 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு தடவை திரையில் நிற்கும். 40 பிரேம் ஓடினால் ஒன்று ஒரு தடவையும் மற்றது இரண்டு தடவையும் நிற்பதால், எண் கூடியும் படம் உதறும். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டருக்கு 36 அல்லது 48 பொருந்தும். என்விடியா கொன்ட்ரோல் பெனலில் சிமுலேட்டருக்கென்று தனியாக மெக்ஸ் பிரேம் ரேட்டையும், பிரேம்களை மொனிட்டரின் வேகத்தோடு இணைக்கும் வி-சிங்க்கை ஒன் (On) என்றும், பவர் மனேஜ்மென்ட்டை மெக்ஸிமம் பெர்ஃபோமன்ஸ் என்றும் வையுங்கள். கார்டுக்கான வரைதல் நிரல்களான ஷேடர்களைச் சேமிக்கும் ஷேடர் கேஷை மட்டும் பொது (குளோபல்) அமைப்பில் 10 ஜிபி என்று வையுங்கள். ஏஎம்டி கார்டில் பிரேமுக்கு எல்லை போடும் ரேடியன் சில் வசதியின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் ஒரே எண்ணாகப் போட்டால் அதே பலன். எக்ஸ்-பிளேன் என்ற மற்றொரு சிமுலேட்டரை ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே 20 பிரேமுக்குக் கீழே போனால் சிமுலேட்டர் நேரத்தையே மெதுவாக்கிவிடும், விமானத்தின் கடிகாரம் கைக்கடிகாரத்துடன் ஒத்துப்போகாது.

கார்டின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்த அன்றைக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஷேடர்கள் எல்லாம் புதிதாகத் தொகுக்கப்படுவதால் முதல் பறப்பில் திக்கும். ஒரே விமானம், ஒரே நிலையம், ஒரே வானிலை, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஓர் அமைப்பை மட்டும் மாற்றி ஐந்து நிமிடம் பறந்து பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று ஒருபோதும் தெரியாது. இணையத்திலிருந்து இறங்கும் நிலப்படத்தாலும் திக்கல் வரலாம். ஒன்லைன் தரவை ஒரு பறப்புக்கு நிறுத்திப் பார்த்தால் அது வெளிச்சமாகிவிடும். டேட்டா அளவு மட்டுப்பட்ட பெக்கேஜ் வைத்திருக்கும் வீடுகளில் இறங்கிய நிலப்படத்தைச் சேமித்து வைக்கும் ரோலிங் கேஷை எஸ்எஸ்டியில் 16 ஜிபி அளவுக்கு வைத்தால், பறந்த இடத்துக்கே மறுபடி போகும்போது டேட்டாவும் மிஞ்சும்.

கொழும்பின் வெக்கையைச் சொல்லாமல் விட முடியாது. ஏசி இல்லாத அறை 31, 32 பாகையில் இருக்கும்போது கார்ட் 80ஐத் தாண்டுவது புதுமையல்ல. என்விடியா கார்டுகள் பலவற்றில் 83 பாகையை அண்டியதும் வேகம் தானாக இறங்கும். இருபது நிமிடம் நன்றாகப் பறந்து பிறகு திக்கத் தொடங்கினால் இதைச் சந்தேகியுங்கள். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதமாக்குங்கள். 170 வொட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 அப்போது 136 வொட்டோடு நிற்கும். இழப்பது ஓரிரு பிரேம், சூடும் விசிறிச் சத்தமும் நன்றாகக் குறையும். கடற்கரையோர வீடுகளில் ஈரக்காற்றோடு சேர்ந்த தூசி ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையில் பஞ்சுபோல அப்பிக்கொள்ளும். புளோவரால் ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது அளவுமீறிச் சுழன்றால் பேரிங் பழுதாகும்.

கணினி விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். 3200 மெகாஹேர்ட்ஸ் ரேமைப் போட்டுவிட்டு, கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸில், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைத் திறக்காமல் கொடுத்தால் அது பெரும்பாலும் 2133, 2400 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடும். 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள், புரொசசருக்குப் போகும் பாதை இரட்டிக்கும். மொனிட்டர் வயரை மதர்போர்டில் அல்லாமல் கார்டிலேயே செருகுங்கள். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் விண்டோஸில் 60இல் நிற்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியைக் கையில் கொடுக்குமுன் இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், வாங்குபவர் இரண்டாவது கார்டுக்காகத் திரும்பி வரத் தேவையிருக்காது.

இப்படிக்கு,
சிமுலேட்டர் ஆர்வலர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.