ஓடப் போகிற மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டதாக நீ சொன்னதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நீ அனுப்பிய 12 வாரத் திட்டத்தையும் பார்த்தேன். வாரத்தில் ஐந்து நாள் ஓட்டம், ஞாயிறன்று நீண்ட ஓட்டம். திட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதை எழுதியவர் வீட்டில் மூன்று வயதுக்காரியும் பல் முளைக்கிற குழந்தையும் இருந்திருக்க மாட்டார்கள்.

"யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நாலரைக்கே எழுந்து ஓடிவிட்டு வந்துவிடுகிறேன்" என்றாய். சின்னவன் விடிய விடிய அழுத மறுநாளும் நாலரைக்கு எழுந்தால், அந்த நேரம் உன் தூக்கத்திலிருந்துதான் போகிறது. ஓடும்போது தசை களைத்துத்தான் போகும். அது தன்னைச் சரிசெய்துகொண்டு பலப்படுவது ஓய்விலும் தூக்கத்திலும்தான். தூக்கம் இல்லாத ஆள் சாயந்திரம் பெரியவள் மேல் எரிந்து விழுவதும் நடக்கும். இரவு கெட்டுப்போனால் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கு.

விட்டுப்போன ஓட்டத்தை மறுநாள் சேர்த்து ஓடி ஈடுகட்டவும் பார்க்காதே. வீட்டில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் படுத்து ஒரு வாரம் போனாலும் உன் மூச்சுத்திறன் பெரிதாகக் குறைந்துவிடாது. திடீரென்று தூரத்தைக் கூட்டுவதுதான் ஆபத்து. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும், தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் வழிக்கு வரும். மூச்சு வாங்கவில்லையே என்று கூட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

என்னைக் கேட்டால் வாரத்துக்கு மூன்று ஓட்டம் போதும். ஒன்று நீண்டது, ஒன்று கொஞ்சம் வேகமானது, ஒன்று பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடுகிற அளவுக்கு மெதுவானது. 21.1 கிலோமீட்டரை நல்லபடியாக முடிக்க இது போதுமானது. மெதுவாக ஓடுவது உனக்கு மட்டமாகத் தெரியும் (மாடிப்படியைக்கூடப் பந்தயம் வைத்து ஏறின பிள்ளை நீ). முன்னணி ஓட்டக்காரர்களே பயிற்சியில் பெரும்பகுதியை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள்.

சின்னவனை ஸ்ட்ரோலரில் வைத்து ஓடலாமா என்று கேட்டாயே, கழுத்தும் முதுகும் நன்றாக நிற்கட்டும், குழந்தை மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். சாதாரண வண்டி ஆகாது. ஓடுவதற்கென்றே செய்த மூன்று சக்கர வண்டி வாங்கு. ஓடும்போது முன்சக்கரம் திரும்பாமல் பூட்டியிருக்க வேண்டும், வண்டியோடு சேர்ந்த கைப்பட்டை உன் மணிக்கட்டில் இருக்க வேண்டும்.

சரி, இனி அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைப் பற்றிப் பேசலாம். நீண்ட ஓட்டம் இரண்டு மணி நேரம் என்கிறாய். எனக்குக் கணக்கு அப்படி வரவில்லை. ஷூ தேடுவது, ஓடுவது, குளிப்பது, சாப்பிடுவது, அப்புறம் "கால் அசையமாட்டேன் என்கிறது" என்று சோபாவில் கிடப்பது எல்லாம் சேர்ந்தால் அரை நாள். அந்த அரை நாளும் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள் மருமகள். முகம் சுளிக்க மாட்டாள், அது வேறு விஷயம். நீயாகவே அவளிடம் கேட்டு அந்த நேரத்தை வாங்கிக்கொள், சனிக்கிழமை அதே அளவு நேரத்தைத் திருப்பிக் கொடு. அவள் தூங்கட்டும், கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்காரட்டும், எதற்கு என்று கேட்காதே. அவளுக்கும் ஓட ஆசை வந்தால் நல்லதுதான். ஆனால் ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிறு கனத்தாலோ, பிரசவம் ஆனால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். இடுப்புத்தளத் தசைகளைப் பார்க்கிற பிசியோதெரபிஸ்டிடம் காட்டச் சொல்.

2019 ஜனவரியில் ஜாஸ்மின் பாரிஸ் என்ற பெண் பிரிட்டனில் 431 கிலோமீட்டர் ஸ்பைன் ரேஸை 83 மணி 12 நிமிடத்தில் முடித்து, ஆண்களையும் முந்தி முதலில் வந்தாள். அப்போது அவளுக்குப் பதினான்கு மாதக் குழந்தை. வழியில் நிறுத்தங்களில் தாய்ப்பாலைக் கறந்து எடுத்துவிட்டு மறுபடி ஓடினாள். எல்லோரும் அவள் மன உறுதியைப் பேசினார்கள். மூன்றரை நாள் அந்தக் குழந்தையை யார் வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

ரேஸுக்கு முந்தைய இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள். ரேஸ் அன்று பிள்ளைகளை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம், மருமகள் உன்னோடு வரட்டும். தேதியை மட்டும் சீக்கிரம் எழுது, அப்பா டிக்கெட் போட வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா