மொன்றியல் எக்ஸ்போஸின் பழைய ரசிகர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகசபை வழமைபோல் கூடியது, வழமைபோல் பிந்தியே தொடங்கியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். மண்டப வாடகை ஏறிய கதையையும் அவரே சொல்லட்டும்.

இந்த ஆண்டின் பெரிய நிகழ்வு செப்ரெம்பர் 29 நினைவு மாலைதான். 2004 இல் அதே நாளில் எங்கள் மொன்றியலின் பேஸ்போல் அணியான எக்ஸ்போஸ் ஒலிம்பிக் ஸ்ரேடியத்தில் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. ஃபுளோரிடா மார்லின்ஸிடம் 9-1 என்று தோல்வி. 31,395 பேர் வந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அணி வாஷிங்டனுக்குப் போய்விட்டது. அன்று அங்கே இருந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டபோது எழுந்த கைகளைப் பார்த்தால், அந்த ஸ்ரேடியத்தின் பாதியை எங்கள் ஆட்களே நிரப்பியிருக்க வேண்டும். சரி, விடுவோம்.

முதலில் பேசியவர் எங்கள் மூத்த உறுப்பினர். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவர். சமையலறை வானொலியில் ஜாக் டூசேயின் பிரெஞ்சு வர்ணனை இரவிரவாகப் போகுமாம். பிரெஞ்சில் எண்ணப் பழகியதே அதில்தான் என்றார். ஸ்ரேடியத்துக்கு முதல்முறை போனபோது, பந்து ஏன் நிலத்தில் குத்தாமல் வருகிறது, அடித்தவன் ஏன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான் என்று ஒன்றும் பிடிபடவில்லையாம். யாரோ ஒருவர் பந்தைப் பின்பக்கம் மெல்லத் திருப்பிவிட, இவர் கிரிக்கெற் நினைப்பில் எழுந்து "அருமையான லேற் கட்!" என்று கைதட்டியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். பேஸ்போலில் அது கோட்டுக்கு வெளியே போன வெறும் ஃபவுல் அல்லவா.

அப்புறம் 1989 ஓகஸ்ட் 23 ஆம் திகதி ஆட்டம். லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸோடு, வழமையாக ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது 22 இன்னிங்ஸ், ஆறு மணித்தியாலத்துக்கு மேல். எங்கள் அணியின் சின்னமான, பொம்மை வேடம் போட்ட செம்மஞ்சள் மயிர் யூப்பி டொட்ஜர்ஸின் இருக்கைக் கூரையில் ஏறிக் குதித்து அட்டகாசம் பண்ண, அவர்களுடைய பயிற்சியாளர் ரொமி லசோர்டா நடுவரிடம் முறையிட்டு அதை வெளியே அனுப்பிவைத்தார். கடைசியில் 1-0 என்று எங்களுக்குத் தோல்வி. இந்த ஆட்டத்தை முடிவுவரை இருந்து பார்த்ததாகச் சொன்னவர்களில் ஒருவரை அவருடைய மனைவியே மறித்தார்: "நீங்கள் கடைசி மெற்றோவைப் பிடிக்க ஓடி வந்தனீங்கள். நான்தானே கதவு திறந்தனான்." அன்று இரவு அதிகம் கைதட்டல் வாங்கியவர் அவர்தான்.

கிரிக்கெற் விளையாடிய எல்லோருக்கும் பிடித்த எக்ஸ்போஸ் ஆட்டக்காரர் விளாடிமிர் குரெரோ. கையுறை போடாமல் வெறுங்கையால் மட்டையைப் பிடிப்பார். எட்டாத பந்தையும் எட்டி அடிப்பார். வலது எல்லையிலிருந்து அவர் எறியும் பந்தைப் பார்க்கவே ரிக்கெற் வாங்கியதாக இருவர் சொன்னார்கள். 2018 மார்ச்சில் அவருடைய மகன் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் உடையில் அதே ஸ்ரேடியத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் (எங்கள் சிக்ஸர் மாதிரி) அடித்து ஆட்டத்தை முடித்துவைத்தார். கண்காட்சி ஆட்டம்தான், ஆனால் அதைச் சொல்லும்போது ஒருவருக்குக் குரல் கம்மியது.

1994 பற்றிப் பேசாமல் இந்த மாலை முடிவதில்லை. அந்த ஆண்டு எங்கள் அணிக்கு 74 வெற்றி, 40 தோல்வி. பேஸ்போலிலேயே முதலிடம், அற்லான்ரா அணியைவிட ஆறு ஆட்டங்கள் முன்னே. ஓகஸ்ட் 12 இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம். செப்ரெம்பரில் இறுதிப் போட்டியான உலகத் தொடரே ரத்து. அடுத்த ஏப்ரலில் ஒரு வாரத்துக்குள் வெற்லண்ட், ஹில், கிறிசம், வோக்கர் என்ற எங்கள் முக்கிய ஆட்டக்காரர் நால்வரும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். அந்த வேலைநிறுத்தம்தான் எங்கள் அணியைக் கொன்றது என்று எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஒருவர் தொலைபேசியைப் பார்த்து வாசித்தார்: 1983 இல் வந்த பார்வையாளர்கள் 23 லட்சத்துக்கு மேல், 2001 இல் ஆண்டு முழுவதற்கும் 642,745. "அப்ப நீங்கள் எல்லாரும் எங்க இருந்தனீங்கள் மாமா?"

பதில்கள் பல வந்தன. இரண்டு வேலை, சின்னப் பிள்ளைகள், குளிரில் அடைத்துக்கிடந்த கொங்கிறீற் மண்டபம், நல்ல ஆட்டக்காரனை வளர்த்து வளர்த்து விற்ற முதலாளிகள். 2000 இல் ஆங்கில வானொலி வர்ணனைகூட இல்லை என்பதையும் ஒருவர் நினைவூட்டினார். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்தப் பிள்ளையின் கேள்வி நியாயமானது என்பது என் அபிப்பிராயம். இதைக் கூட்டக் குறிப்பில் பதியக் கூடாது என்றவர்களின் ஆட்சேபத்தையும் சேர்த்தே பதிந்திருக்கிறேன்.

கோடையில் ஜெரி பார்க் போனோம். மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் வாழ்ந்த நாங்கள் தண்டவாளத்தைத் தாண்டினால் வரும் இடம். 1969 முதல் 1976 வரை எக்ஸ்போஸ் அங்கேதான் ஆடியது என்பது பலருக்குப் புதுச் செய்தி. அயலில் பிறந்து வளர்ந்த கியூபெக் முதியவர் ஒருவரை அழைத்திருந்தோம். வலது எல்லைக்கு அப்பால் இருந்த நீச்சல் குளத்தில் எதிரணி ஆட்டக்காரர் வில்லி ஸ்ராஜெல் அடித்த பந்து விழுந்த இடத்தைக் கைத்தடியால் காட்டினார். இடது பக்க மலிவு இருக்கைகளில் இருந்தவர்கள் எக்ஸ்போஸ் ஆட்டக்காரர் மக் ஜோன்ஸைத் தலையில் வைத்துக் கொண்டாடியதையும் சொன்னார். இப்போது அது ரெனிஸ் மைதானம். அவர் சொன்னதைக் காற்றில் விட்டுவிடாமல் ஒலிப்பதிவு செய்திருக்கிறோம். மற்ற உறுப்பினர்களின் நினைவுகளையும் பதிவுசெய்ய வேண்டும். திகதியைச் சரிபார்த்த பிறகுதான் சேர்ப்போம் என்று தீர்மானமாகியுள்ளது.

ஒலிம்பிக் ஸ்ரேடியத்துக்குள் போகும் எண்ணம் நிறைவேறவில்லை. 87 கோடி டொலர் செலவில் கூரை மாற்றும் வேலைக்காக அதை மூடிவிட்டார்கள். அணி திரும்பி வரவேண்டும் என்ற மனுவில் சங்கத்தின் பெயரால் ஒப்பமிடுவதா என்பதில் சபை இரண்டாகப் பிரிந்தது. ராம்பா பே அணி பருவத்தில் பாதியை அங்கும் பாதியை மொன்றியலிலும் ஆடும் திட்டத்தை 2022 இல் பேஸ்போல் சம்மேளனம் கைவிட்டதிலிருந்து பலருக்கு ஆசையே விட்டுப்போயிற்று. விரும்பியவர்கள் தங்கள் பெயரில் ஒப்பமிடலாம் என்று முடிவாயிற்று.

நினைவு மாலைக்குக் கொத்துரொட்டி தந்தவர்களுக்கும் படங்களை ஒழுங்குபடுத்திய இளையவர்களுக்கும் நன்றி. கண்காட்சி மேசையிலிருந்து மூவண்ணத் தொப்பிகளைப் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுப் படமெடுக்கவென்று கொண்டுபோனவர்கள் தயவுசெய்து அடுத்த கூட்டத்துக்கு முன் திருப்பித் தரவும். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்