அப்பாவின் கண்ணுக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

தாராவி 90 அடி ரோட்டில் எங்கள் குடும்பத்தை அறிந்த அனைவருக்கும் வணக்கம். சர்க்கரை நோயால் பார்வை கெட்டிருந்த அப்பா மறுபடியும் தமிழ்ப் பேப்பர் படிக்கிறார். எழுத்துக்கூட்டி அல்ல, சத்தமாகவே.

பெரிய நன்றி விழித்திரை டாக்டருக்கு. கண்ணில் ஊசி போட்டதற்காக மட்டும் இல்லை, எங்களுக்குப் புரியவைத்ததற்காகவும். "சர்க்கரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அம்மா கேட்டதும் காகிதத்தை எடுத்துப் படம் போட்டார். சர்க்கரை பல வருஷம் கூடுதலாகவே இருந்தால், விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உள்சுவர் கெட்டுவிடுகிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் அந்தச் சுவரிலேயே ஒட்டிக்கொள்கின்றன. ரத்தத் தட்டணுக்களும் சீக்கிரம் ஒன்றுசேர்கின்றன. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்களும் கூடிவிடுகின்றன. குழாய்கள் அங்கங்கே அடைபடுகின்றன. ரத்தம் போதாத விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதனால் இருக்கிற குழாய்கள் கசிகின்றன, புதிதாக முளைப்பவை எளிதில் உடைகின்றன. ஊசி மருந்து மடக்குவது இந்தப் புரதத்தைத்தான்.

கண்ணுக்குள் ரத்தம் கசிந்தபோது, இதயத்துக்காக அப்பா சாப்பிடும், ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லாதவர்களே இல்லை. எல்லாம் அன்பில் சொன்னதுதான். டாக்டர்தான் அந்தப் பயத்தைத் தீர்த்தார். அமெரிக்காவில் 3,711 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், தினம் 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தும் கண்ணுக்குள் ரத்தக் கசிவு கூடவில்லையாம். கண் நோயை அது தடுக்கவும் இல்லை. ஆனால் இதயத்துக்கு வேண்டிய மாத்திரையை நாமாக நிறுத்தினால் ஆபத்து. இந்த ஒரு விளக்கத்துக்காகவே அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊசி போடும்போது "ஒண்ணுமில்ல அப்பா, மேலே பாருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்ட நாகர்கோவில் நர்ஸ் அக்காவுக்கு நன்றி. அப்புறம், ஆஸ்பத்திரி நாட்களில் அம்மாவின் இட்லி வியாபாரம் நிற்காமல் மாவாட்டி, அவித்து, கூடையையும் அனுப்பிவைத்த கீழ்வீட்டு அக்காவுக்கு எப்படிச் சொல்வது! கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டபின் அப்பாவுக்கு வெளிச்சமே ஆகாது. அவரைப் பத்திரமாக வீடு சேர்த்த டாக்ஸி அண்ணனுக்கும் நன்றி.

பார்வை நன்றாக இருக்கும்போதே இந்த நோய் உள்ளே வளரும். அதனால் சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது விழித்திரையைக் காட்டிவிடுங்கள். இந்தி, மராத்தி வராது என்று யாரும் தயங்க வேண்டாம். சொல்லி அனுப்புங்கள், நான் கூட வருகிறேன்.