லேசான கதை என்றால் மட்டமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிக்கூடக் காதல் கதைகளில் ஆழமே இல்லை, பிள்ளைகள் நேரத்தை வீணடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆழம் இல்லை, சரி. அதனால் மட்டம் என்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். வேலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் நேரத்தில்தான் படிப்பதெல்லாம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் எனக்கு இதைப் பழக்கினாள், வலமிருந்து இடமாகப் படிக்கணும்மா என்று முதல் நாள் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டினாள். அவள் கொடுத்தது 'டீசிங் மாஸ்டர் தகாகி-சான்'. சோய்ச்சிரோ யாமமோட்டோ 2013-இல் தொடங்கி 2023 வரை வரைந்தது, மொத்தம் 20 தொகுதி. கதை என்று கேட்டால், வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் ஒரு பையனும் ஒரு பெண்ணும், அவள் அவனைச் சீண்டிக்கொண்டே இருக்கிறாள், ஒரு நாளாவது இவளை ஜெயித்துவிடணும் என்று திட்டம் போட்டுப் போட்டு அவன் தோற்கிறான், தோற்றதற்குத் தண்டால் எடுக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் முகம் சிவக்கிற கட்டம் ஒன்று வரும் பாருங்கள். வசனமே இருக்காது. அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு கட்டத்துக்காக நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டிருக்கிறேன்.

எங்கள் வேலையில் தையல் ஒழுங்காக இருந்தால் யார் கண்ணிலும் படாது, கோணினால்தான் தெரியும். இந்த மாதிரிக் கதையும் அப்படித்தான். சும்மா வந்தது போல இருக்கும், அதற்குப் பின்னால் எவ்வளவு கை வேலை இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒரே சந்தேகத்தை ஐந்து தொகுதிக்கு இழுப்பதும் உண்டு, என் மகளே பாதியில் மூடி வைத்திருக்கிறாள். இன்னொன்று எனக்குக் கோபமே வரும்: நன்றாகச் சிரித்துக்கொண்டு போகிற கதையில் திடீரென்று ஒரு விபத்து, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், கனமாக்குகிறேன் என்று. வேலூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி வாசல் புதிதா என்ன? துக்கம் வரட்டும், ஆனால் முதல் பக்கத்திலிருந்தே அது அந்தக் கதையில் இருக்கணும்.

என் அம்மா மாத நாவல்களை வாடகைக்கு எடுத்து வந்து, அட்டை தெரியாமல் மேலே பேப்பர் சுற்றிப் படிப்பார், அப்பா கண்ணில் பட்டால் திட்டு விழும். என் மகள் அப்படி ஒளிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அடுத்த முறை எழுதுபவர் ஒரு தொடரையாவது கடைசிவரை படித்துவிட்டு, எங்கே சிரித்தார், எங்கே அலுத்தது என்று எழுதட்டும். நாங்கள் இரண்டு பேரும் படிப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலூர்