ஒரு துண்டு மாசி

கனசாவா,
டிசம்பர் 10

அன்பு மக்கா,

ரெண்டரை மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டியது எல்லாம் வந்து சேர்ந்தது. ஜப்பான்காரனாகிவிட்டேன் என்று தாடியிடம் வேறு சொன்னாயாமே. ஆகவில்லை. இன்னும் பாயில் மண்டி போட்டு உட்கார்ந்தால் பத்தே நிமிஷத்தில் கால் மரத்துவிடுகிறது.

சுகம்தான். குளிர் உண்டு, மழை அதைவிட உண்டு. சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. நான் இரண்டையும் மறந்து ஒருநாள் நனைந்து, பசித்து வந்தேன். வந்த முதல் வாரமே குளித்து முடித்து, தொட்டித் தண்ணீரை நல்ல பிள்ளையாகத் திறந்தும் விட்டேன். இங்கே வெளியே தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும்; ஒரே வெந்நீர்தான் வீட்டுக்கே. எனக்குப் பின்னால் நாலு பேர் துண்டோடு நின்றார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள், ஆனால் எங்கள் தெருப் பக்கம் போய் வாயைத் திறக்காதே. மீன் சாப்பிட்டுவிட்டேன். ஒருநாள் இல்லை, ஆறு வாரம், காலையும் ராத்திரியும்.

வருவதற்கு முன் நிரப்பிய படிவத்தில் சைவம் என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர்களும் பாவம், கறியும் மீனும் என் தட்டுப் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டார்கள். டோஃபு, கத்தரிக்காய், தாமரைக் கிழங்கு, அப்புறம் தினமும் ஒரு கிண்ணம் மிசோ சூப்.

இந்த வீட்டுப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல். காலை ஆறு மணிக்கு அடுக்களையில் கர்ர் கர்ர் என்று சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் ஒரு மரப்பெட்டி. ஆசாரியின் இழைப்புளியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி அதன் தலையில் ஒரு கத்தி. கறுத்த கட்டை ஒன்றை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளுவார். அடியில் இருக்கும் இழுப்பறையைத் திறந்தால் இளஞ்சிவப்பில் சுருள் சுருளாகச் சீவல். இரண்டு கட்டையைத் தட்டினால் டங் டங் என்று சத்தம் வேறு. நான் என்ன நினைப்பேன்? பதிமுகம், கருங்காலி மாதிரி ஏதோ மூலிகைக் கட்டை, வெந்நீரில் போட்டுக் குடிக்கிறார்கள், உடம்புக்கு நல்லது என்று நினைத்துவிட்டேன்.

நவம்பர் 6 ஆனால் இங்கே நண்டுக் காலம் தொடங்கிவிடும். அடுத்து வந்த சனிக்கிழமை எல்லோரும் ஊர் சுற்றக் கிளம்பினோம். முதலில் கென்ரோகுஎன் தோட்டம். பனியின் பாரத்தில் கிளை முறியாமல் இருக்கப் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டுகிறார்கள்: நடுவில் கம்பம் நட்டு, உச்சியிலிருந்து குடைக்கம்பி போல ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கயிறு. பெரிய மரம் ஒன்றுக்கு மட்டும் சுமார் 800 கயிறாம். கழுத்து வலிக்கிற வரை பார்த்தேன். அங்கிருந்து ஓமிச்சோ சந்தை. நண்டு வாங்கி முடித்து, பாட்டி என் கையைப் பிடித்து ஒரு கடைக்கு இழுத்துப் போனார். நம்ம கட்டை, குவியல் குவியலாக. மேலே படம். படத்தில் சூரை மீன்.

அதைப் புகை போட்டு, காய வைத்து, கட்டையாக்கிவிடுகிறார்கள். பெயர் கட்சுஓபுஷி. தினமும் நான் குடித்த சூப் அந்தச் சீவலின் சாற்றில்தான்; கண்ணுக்குத் தெரிகிற மீன் இல்லை என்பதால் அது மீன் கணக்கிலேயே வரவில்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை.

என் மேல்தான். முதல் நாளே, அந்தச் சீவலை வெந்நீரில் போட்டதும் ஒரு வாசனை வந்தது மக்கா. உங்கம்மா மாசிக் கருவாட்டுச் சம்பல் இடிக்கிற அன்றைக்கு உங்கள் முற்றத்தில் நிற்கும் வாசனை. மூக்குக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் கட்டை, கட்டை என்று எனக்கே சொல்லிக்கொண்டு கிண்ணத்தை ரெண்டாம் தடவை நீட்டினேன். ராத்திரி படுத்தால் ஆச்சி முகம் வருகிறது.

கடை வாசலில் என் முகம் போன போக்கிலேயே ஒகாசன், அதாவது இந்த வீட்டம்மா, புரிந்துகொண்டுவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை அடுப்பில் இரண்டு பாத்திரம். ஒன்று அவர்களுக்கு, சின்னது எனக்கு, கொம்பு என்கிற கடல்பாசியும் காய்ந்த காளானும் ராத்திரியே ஊறப் போட்டது. அந்தச் சின்னப் பாத்திரத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாட்டி எதிரில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். ஒய்ஷீ, பிரமாதம் என்றேன்.

பொய். நல்ல சூப்தான், ஆனால் பழையது வேறு. கொம்புவின் சாற்றிலிருந்துதான் 1908-ல் இகேதா என்கிற தோக்கியோப் பேராசிரியர் உமாமி என்ற ருசியைப் பிரித்துக் காட்டினார். உன் ஃப்ரைட் ரைஸ் கடைக்காரர் அள்ளிப் போடும் அஜினமோட்டோ அப்படிப் பிறந்ததுதான். கொம்புவில் இருப்பது ஒன்று, அந்தக் கட்டையில் இருப்பது வேறொன்று. இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டலில் இல்லை, பெருக்கலில் ஏறும். காளானும் அந்த வேலையைச் செய்யுமாம். அதெல்லாம் சரி, என் நாக்கு இன்னும் பக்கத்துப் பாத்திரத்தையே பார்க்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

போன ஞாயிறு எனக்காகவே எய்ஹெய்ஜிக்குக் கூட்டிப் போனார்கள். 1244-ல் தோகென் என்கிற துறவி கட்டிய ஜென் மடம். மடத்துச் சமையலில் மீன் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. ஆச்சியின் வெள்ளிக்கிழமைச் சமையல்தான் என்று வை. வாசல் கடையில் எள்ளில் செய்த டோஃபு, பாயசம் உறைந்த மாதிரி. குளிரில் வெளியே வராத பாட்டி அன்றைக்கு வந்தார். அங்கே வைத்து, என் அரைகுறை ஜப்பானியத்தில் தூத்துக்குடி மாசியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மாலத்தீவிலிருந்து வருகிற அதே சூரை, அதே புகை, அதே கட்டை. சிநேகிதன் வீட்டில் உலக்கையால் இடிப்பார்கள் என்று நடித்தும் காட்டினேன். பாட்டிக்கு இடிப்பது என்றதும் மனசே ஆறவில்லை. சீவினால் எப்படி வரும் என்று பார்க்க வேண்டுமாம். வீடு திரும்புவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

அதனால் உங்கம்மாவிடம் சொல்லி நல்ல மாசி ஒன்று, உடைக்காமல் முழுசாக, வாசனை வெளியே வராதபடி நாலு சுற்றுச் சுற்றி அனுப்பு. தபால் செலவை வந்து தருகிறேன். யாருக்கு என்று அம்மா கேட்டால் பாட்டிக்கு என்றே சொல். உள்ளதும் அதுதான்.

உன்
கட்டைச் சைவம்